குழந்தைகளின் சிறுநீரக நோய்: ரத்தமும் சிறுநீரும் தரும் குறிப்புகள்

குழந்தைகளின் சிறுநீரக நோய் பெரும்பாலும் வலியில்லாமல் வளர்கிறது. காலையில் கண் இமை வீங்குவது, முகம் வெளிறுவது, வயதுக்கேற்ற உயரம் வராமல் நிற்பது ஆகிய அறிகுறிகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. அதனால் நோயைக் கண்டுபிடிக்கவும், அதன் போக்கைக் கணிக்கவும், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் மருத்துவர்கள் ரத்தத்திலும் சிறுநீரிலும் அளக்கக்கூடிய பொருள்களையே நம்புகிறார்கள். இவை உயிர்க்குறிப்பான்கள் எனப்படும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது, அதன் வடிகட்டும் சவ்வு ஒழுகுகிறதா, சேதம் எங்கே எதனால் நேர்ந்தது என்ற மூன்று கேள்விகளுக்கு இவை விடை தருகின்றன. ஒரே குறிப்பான் மூன்றுக்கும் விடை சொல்லாது.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தச் சோதனைகள் பல படிகளில் நடக்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள சாதாரணக் கிளினிக்கில் சிறுநீர்ப் பட்டைச் சோதனையும் கிரியேட்டினினும் கிடைக்கும். அடுத்த படியில் கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. குழந்தைச் சிறுநீரக நிபுணர்கள் கோலாலம்பூரின் துங்கு அசிசா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற சில இடங்களில்தான் இருக்கிறார்கள். எனவே முதல் படியில் எடுக்கப்படும் எளிய சோதனையைச் சரியாகப் படிப்பதே குழந்தை உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்வதைத் தீர்மானிக்கிறது.

கிரியேட்டினின்

தசைகளில் உண்டாகி, ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிகட்டப்படும் கழிவுப்பொருள் கிரியேட்டினின். வடிகட்டல் குறையும்போது ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. மலிவானது, எங்கும் கிடைப்பது என்பதால் இதுவே உலகெங்கும் முதல் சோதனையாக இருக்கிறது.

குழந்தைகளிடம் இதைப் படிப்பதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கிரியேட்டினின் தசையின் அளவைப் பொறுத்தது. குழந்தையின் தசையோ ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. பெரியவர்களுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோமோல் வரை இயல்பு என்று அச்சிட்ட அறிக்கைத்தாளில் ஒரு குழந்தையின் 70 என்ற எண் குறையற்றதாகத் தோன்றும். 1976இல் ஜார்ஜ் ஸ்வார்ட்ஸ் வகுத்து, 2009இல் திருத்திய சூத்திரம் இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவுகிறது: குழந்தையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 36.5ஆல் பெருக்கி, மைக்ரோமோலில் உள்ள கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். கிடைப்பது வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு (உடற்பரப்புக்கு ஏற்ப, நிமிடத்துக்கு மில்லிலிட்டரில்). 170 செ.மீ. உயரமுள்ள பதினைந்து வயதுப் பையனுக்குக் கிரியேட்டினின் 70 என்றால் வேகம் ஏறத்தாழ 89. அதே 70, 100 செ.மீ. உயரமுள்ள நான்கு வயதுக் குழந்தைக்கு வந்தால் வேகம் 52தான். அக்குழந்தை தன் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதியை இழந்திருக்கிறது. 60க்குக் கீழான வேகம் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். உயரம் குறிக்கப்படாத அறிக்கையில் இந்த உண்மை மறைந்துபோகும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 2005இல் தொடங்கிய சிகிட் என்ற நீண்டகால ஆய்வு திருத்திய சூத்திரத்துக்கு அடிப்படைத் தரவுகளைத் தந்தது. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் புதிய சூத்திரத்தை அதே ஆய்வுக் குழு 2021இல் வெளியிட்டது. வளரிளம் பருவத்திலிருந்து இளைஞர் நிலைக்கு மாறும்போது வேகம் திடீரெனத் தாவுவதுபோல் தோன்றும் குறை இதில் குறைந்திருக்கிறது.

அளக்கும் முறையும் முக்கியம். 1886இல் மாக்ஸ் யாஃபே கண்டறிந்த பிக்ரிக் அமில முறை இன்னும் பல ஆய்வகங்களில் நடைமுறையில் இருக்கிறது. குழந்தையின் ரத்தத்தில் கிரியேட்டினின் குறைவாக இருப்பதால், மஞ்சள் காமாலையின் பிலிரூபினும் சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் இந்த முறையில் தரும் பிழை விகிதத்தில் பெரிதாகிவிடும். என்சைம் முறை இதைவிட நம்பகமானது. ஸ்வார்ட்ஸின் திருத்திய சூத்திரமும் அதற்கென்றே வகுக்கப்பட்டது.

பிறந்த குழந்தையிடம் முதல் சில நாள்கள் தாயின் கிரியேட்டினினே அளவாக வரும். பிறகு அது மெல்ல இறங்கும். இறங்க வேண்டிய நாளில் இறங்காமல் நிற்பதும் நோய்க்குறிதான். உடற்பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்ட வடிகட்டும் வேகம் பெரியவர்களின் அளவை எட்ட ஏறக்குறைய இரண்டு வயதாகும். அதற்கு முன் பெரியவர்களுக்கான நிலைப் பகுப்பைக் குழந்தைக்குப் பொருத்தக் கூடாது.

சிஸ்டாட்டின் சி

உடலின் கருவுள்ள செல்கள் எல்லாம் சுரக்கும் சிறு புரதம் சிஸ்டாட்டின் சி. இது சிறுநீரகத்தில் தடையின்றி வடிகட்டப்பட்டு, நுண்குழாயிலேயே சிதைந்துவிடுகிறது. தசையின் அளவும் இறைச்சி உணவும் இதை அதிகம் பாதிப்பதில்லை. தசைநோய் உள்ள குழந்தை, முதுகுத்தண்டுக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தை, எடை மிகக் குறைந்த குழந்தை ஆகியோருக்குக் கிரியேட்டினின் பொய்யான நிம்மதியைத் தரும். அத்தகைய நேரங்களில் சிஸ்டாட்டின் சி உண்மையை வெளிப்படுத்தும். சைவ உணவு மட்டுமே உண்ணும் குடும்பத்துக் குழந்தையின் கிரியேட்டினின் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும் என்பதும் இங்கே கவனத்தில் கொள்ளத்தக்கது.

இதற்கும் எல்லை உண்டு. ஸ்டீராய்டு மருந்து, தைராய்டுக் கோளாறு, உடல் பருமன், அழற்சி ஆகியவை சிஸ்டாட்டின் சி அளவை மாற்றும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை உண்ணும், சிறுநீரில் புரதம் மிகுதியாக ஒழுகும் நெஃப்ராட்டிக் நோயாளிக்கு இதைத் தனியே எடுத்து முடிவு சொல்வது தவறாகலாம். அதனால்தான் கெடிகோ என்ற பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டி அமைப்பு 2024இல் வெளியிட்ட நெறிகள், வசதியுள்ள இடத்தில் கிரியேட்டினின், சிஸ்டாட்டின் சி இரண்டையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்கின்றன.

சிறுநீரில் புரதம்

நலமான சிறுநீரகம் அல்புமினை ரத்தத்திலேயே நிறுத்திக்கொள்கிறது. வடிகட்டும் சவ்வு பழுதானால் அது சிறுநீரில் ஒழுகும். இதை வீட்டிலேயே நிறமாறும் பட்டையால் பார்க்கலாம். ஆய்வகத்தில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தை அளக்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இவ்விகிதம் மில்லிமோலுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 200ஐத் தாண்டினால் அது நெஃப்ராட்டிக் அளவு. ஒரு முறை எடுத்த சிறுநீரிலேயே இதை அளக்க முடிவதால், 24 மணி நேரம் சிறுநீர் சேகரிக்கும் சிரமம் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

காலையில் எழுந்தவுடன் கழிக்கும் சிறுநீரே இதற்கு உகந்தது. பகலில் நின்று நடக்கும்போது மட்டும் புரதம் ஒழுகி, படுத்திருக்கும்போது நின்றுவிடும் நிலை வளரிளம் பருவத்தினரிடம் சாதாரணம். அதனால் தீங்கு இல்லை. காலைச் சிறுநீரைச் சோதித்தால் இப்பிள்ளைகள் வீண் அச்சத்திலிருந்தும் வீண் சோதனைகளிலிருந்தும் தப்புவார்கள்.

நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமில் சிறுநீர்ப் புரதமே சிகிச்சையை நடத்திச் செல்லும் குறிப்பான். தெற்காசிய வம்சாவளிக் குழந்தைகளிடம் இந்நோய் ஐரோப்பியக் குழந்தைகளைவிட அதிகம் என்பதைப் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டின. மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது. சிறுநீரில் மிகுந்த புரதம், ரத்தத்தில் குறைந்த அல்புமின், உடல் வீக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நோய் உறுதியாகும். பெரும்பாலான குழந்தைகள் பிரெட்னிசொலோனுக்கு இணங்குவார்கள். தொடர்ந்து மூன்று நாள் காலைச் சிறுநீரில் புரதம் இல்லையென்றாலோ மிகச் சிறிதளவே இருந்தாலோ நோய் தணிந்ததாகப் பொருள். தொடர்ந்து மூன்று நாள் மீண்டும் மிகுந்து வந்தால் நோய் திரும்பிவிட்டது. வீக்கம் வருவதற்கு முன்பே பட்டை இதைக் காட்டிக்கொடுக்கும். நாள்தோறும் முடிவைக் குறித்துவைக்கும் தாயின் குறிப்பேடு இந்நோயில் ஆய்வக அறிக்கைக்கு இணையான மதிப்புடையது. பட்டை வாங்க இயலாதவர்களுக்கு, சிறுநீரைக் கொதிக்கவைத்தோ சல்ஃபோசாலிசிலிக் அமிலத் துளிகளைச் சேர்த்தோ கலங்கலைப் பார்க்கும் பழைய முறை இந்தியாவில் இன்றும் கற்றுத்தரப்படுகிறது.

இந்நோயின் காரணத்தைத் தொடும் குறிப்பான் அண்மையில்தான் கிடைத்தது. வடிகட்டும் சவ்வில் உள்ள நெஃப்ரின் என்ற புரதத்துக்கு எதிரான தன்னெதிர்ப்பொருள், நோய் தீவிரமாக இருந்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து பெறாத குழந்தைகளில் 90 விழுக்காட்டினரிடம் காணப்பட்டதாக 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வு தெரிவித்தது. நோயின் ஏற்ற இறக்கத்தோடு இதன் அளவும் மாறுகிறது. அன்றாடச் சோதனையாக இது இன்னும் பரவவில்லை.

சிறுநீரில் ரத்தமும் நோயெதிர்ப்புக் குறிப்பான்களும்

சிறுநீர் தேநீர் நிறத்தில் வந்தால் அதை நுண்ணோக்கியில் பார்ப்பது முதல் வேலை. உருச்சிதைந்த சிவப்பணுக்களும் சிவப்பணு வார்ப்புகளும் தெரிந்தால், ரத்தம் சிறுநீர்ப்பையிலிருந்து அல்லாமல் சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலிருந்தே வருகிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது சி3 என்ற நிரப்புப் புரதம். தொண்டைப்புண் அல்லது தோல் சிரங்குக்குப் பின் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சார்ந்த சிறுநீரக அழற்சியில் சி3 இறங்கி, 6 முதல் 8 வாரத்தில் இயல்புக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயையோ சி3 சார்ந்த வேறு நோயையோ தேட வேண்டும். சில வாரம் கழித்து எடுக்கும் இரண்டாவது சி3 சோதனை பல குடும்பங்களில் மறக்கப்படுகிறது. குழந்தை விளையாடத் தொடங்கியதும் கிளினிக்குக்குப் போவது நின்றுவிடுகிறது. அச்சோதனையை விடாமல் செய்தால்தான் ஆபத்தான நோய் பிரித்தறியப்படும். சிரங்குக்குப் பின் வந்த நோயில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைக் காட்டும் ஏஎஸ்ஓ எதிர்ப்பொருளின் அளவு ஏறாமலிருக்கலாம். அப்போது டிஎன்ஏஸ் பி எதிர்ப்பொருள் சோதனை உதவும்.

ஆசியக் குழந்தைகளிடம் லூபஸ் கூடுதலாகக் காணப்படுகிறது. அதில் சி3, சி4 இரண்டும் இறங்குவதும் இரட்டை இழை டிஎன்ஏவுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏறுவதும் நோய் மூண்டெழுவதை முன்னறிவிக்கும். ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் என்ற ரத்தக்குழாய் அழற்சி வந்த குழந்தைக்குத் தோல் தடிப்பு மறைந்த பிறகும் ஆறு மாதம் வரை சிறுநீரைச் சோதிக்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு அக்காலத்துக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.

திடீர்ச் சிறுநீரகச் சேதம்

கிரியேட்டினினின் பெரிய குறை அதன் தாமதம். சேதம் நேர்ந்து ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே அது ஏறுகிறது. அதற்குள் சிகிச்சைக்கு உகந்த நேரம் கழிந்துவிடலாம். இந்த இடைவெளியை நிரப்பும் தேடலில் குழந்தைகளே முதல் சான்று தந்தார்கள். 2005இல் பிரசாத் தேவராஜன் தலைமையிலான சின்சினாட்டிக் குழு, இதய அறுவைச் சிகிச்சை பெற்ற 71 குழந்தைகளிடம் என்ஜிஏஎல் என்ற புரதத்தை அளந்தது. பின்னர் சிறுநீரகச் சேதம் அடைந்த 20 பேரிடமும் அறுவை முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது ஏறியிருந்தது. காயம்பட்ட நுண்குழாய் செல்கள் என்ஜிஏஎல்லை விரைவில் வெளியிடுவதே இதற்குக் காரணம். கிம்-1, டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி7 ஆகியவையும் இதே நோக்கத்தில் ஆராயப்பட்டன.

முதல் ஆய்வில் தெரிந்த துல்லியம் பிந்தைய ஆய்வுகளில் குறைந்தது. என்ஜிஏஎல் தொற்றுநோயிலும் சிறுநீர்ப்பாதைத் தொற்றிலும் ஏறும். பல நோய்கள் சேர்ந்த தீவிர சிகிச்சைப் பிரிவில் அதைத் தனியே நம்ப முடியாது. இருப்பினும் எந்த நேரத்தில் சேதம் நேர்ந்தது என்று தெரிந்த சூழலில் அதன் பயன் உறுதியானது. தீவிர சிகிச்சையிலுள்ள மூன்று மாதக் குழந்தை முதல் 21 வயதினர் வரை சிறுநீர் என்ஜிஏஎல் சோதனையைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில் அனுமதி தந்தது. 1992இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட ஐஜேஎன் என்ற தேசிய இதயக் கழகத்தில் நடப்பது போன்ற குழந்தை இதய அறுவையே இச்சோதனைக்கு மிகப் பொருத்தமான களம்.

விலையில்லாத குறிப்பான் ஒன்றும் உண்டு: கழிக்கும் சிறுநீரின் அளவு. 4,683 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியான அவேர் ஆய்வில், தீவிர சிகிச்சை பெற்ற குழந்தைகள், இளையோரில் 26.9 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் சேதம் இருந்தது. சிறுநீர் அளவு குறைந்ததைக்கொண்டு சேதம் தெரிந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைக் கிரியேட்டினின் மட்டும் பார்த்திருந்தால் தவறவிட்டிருப்பார்கள். இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்ததால் நேர்ந்த துயரங்களிலும் இதே பாடம் இருக்கிறது. 2022இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகளும், இந்தோனேசியாவில் 200க்கு மேற்பட்ட குழந்தைகளும் இறந்தார்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் 20க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள்; அந்த மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தை சிறுநீர் கழிக்காமல் இருந்ததே பெற்றோர் கண்ட முதல் எச்சரிக்கை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, டெங்கி எதுவானாலும் நனையாத டயப்பர் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

நுண்குழாயின் குறிப்பான்கள்

வடிகட்டிகள் நலமாக இருக்க, நுண்குழாய்கள் மட்டும் கெடும் நோய்களும் உண்டு. அப்போது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ரெட்டினால் பிணைப்புப் புரதம் ஆகிய சிறு புரதங்கள் சிறுநீரில் வரும். பட்டைச் சோதனை அல்புமினை மட்டுமே நன்கு காட்டுவதால் இவற்றைத் தவறவிடும். மலேசியாவில் இதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. தலசீமியாக் குழந்தைகள் பலர் இரும்பை வெளியேற்ற டெஃபெராசிராக்ஸ் மருந்து உண்கிறார்கள். அது நுண்குழாயைத் தாக்கக்கூடும் என்பதால் கிரியேட்டினினையும் சிறுநீர்ப் புரதத்தையும் மாதந்தோறும் பார்க்க வேண்டும். புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், இஃபாஸ்ஃபமைட் பெறும் குழந்தைகளுக்குப் பாஸ்பேட், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் இழப்பையும் கவனிக்க வேண்டும்.

காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய் உழவர்களை வாட்டும் இலங்கையில், நலமான குழந்தைகளிடம் கிம்-1, என்ஜிஏஎல் ஆகியவற்றின் இயல்பு எல்லைகளை அந்நாட்டு ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள். இயல்பு எது என்று தெரிந்தால்தான் நோய் எது என்று சொல்ல முடியும். அத்தகைய அடிப்படை அளவுகள் மலேசியக் குழந்தைகளுக்கும் தேவை.

நாள்பட்ட நோயின் போக்கு

குழந்தைகளின் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு முதன்மைக் காரணம் பிறவியிலேயே அமைந்த சிறுநீரக, சிறுநீர்ப்பாதைக் குறைபாடுகள். இவற்றில் தொடக்கத்தில் புரதம் ஒழுகாமலே வடிகட்டும் திறன் குறையலாம். பட்டை சுத்தமாக இருப்பதால் மட்டும் சிறுநீரகம் நலம் என்று சொல்லிவிட முடியாது. புரதம் ஒழுகத் தொடங்கினால் நோய் வேகமெடுக்கிறது என்று பொருள். ஐரோப்பாவில் 385 குழந்தைகளிடம் நடந்து 2009இல் வெளியான எஸ்கேப் ஆய்வு, ரத்த அழுத்தத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் நோயின் வேகம் தணியும் என்று நிறுவியது. மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் புரதம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குச் சிறுநீரகம் நீடிக்கிறது என்பதும் அத்தரவுகளிலிருந்தே பின்னர் தெரிந்தது.

நோய் முற்றும்போது சிறுநீரகத்தின் மற்றப் பணிகளும் தளரும். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, பைகார்பனேட், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவை தவறாமல் பார்க்கப்பட வேண்டியவை. ரத்தத்தில் அமிலம் கூடினாலும் எலும்பு நலிந்தாலும் குழந்தையின் உயரம் நின்றுவிடும். எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன் பாஸ்பேட் ஏறுவதற்கு முன்பே ஏறிவிடுகிறது. சிறுநீரில் குறையும் ஈஜிஎஃப், கூடும் டிகேகே-3 ஆகியவை எந்தக் குழந்தைக்கு நோய் விரைவாக முற்றும் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடியவை. இவை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன.

மாதிரி எடுப்பதில் வரும் பிழைகள்

மிகச் சிறந்த கருவியும் தவறான மாதிரியைத் திருத்தாது. குழந்தையின் குதிகாலைக் குத்தி அழுத்தி எடுத்த ரத்தத்தில் செல்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமிகள் கலப்பதால் தொற்று இருப்பதாகத் தோன்றும். சிறுநீர்ப்பாதைத் தொற்றை உறுதிசெய்ய நேரடியாகப் பிடித்த சிறுநீரோ குழாய் வழி எடுத்த சிறுநீரோ வேண்டும். கோலாலம்பூரின் வெப்பத்தில் நெடுநேரம் வைத்த சிறுநீரில் கிருமிகள் பெருகும், சிவப்பணுக்கள் உடையும். பட்டைப் புட்டியை மூடாமல் விட்டால் ஈரக்காற்றில் பட்டைகள் கெட்டுவிடும். ஒரே குழந்தைக்கு ஒரு முறை பிரிக்ஃபீல்ட்ஸ் ஆய்வகத்திலும் மறுமுறை கிள்ளான் ஆய்வகத்திலும் சோதித்தால், முறை வேறுபாட்டால் வரும் மாற்றத்தை நோயின் மாற்றமாக நினைக்க நேரிடும்.

எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கலாமா?

ஜப்பான் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகள் அனைவரின் சிறுநீரையும் ஆண்டுதோறும் சோதிக்கிறது. தைவான் 1990இலும் தென்கொரியா 1998இலும் அவ்வழியைப் பின்பற்றின. அறிகுறியில்லாத ஐஜிஏ நெஃப்ரோபதி போன்ற நோய்கள் இதனால் முன்பே தெரிகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2007இல் பொதுச் சோதனையைக் கைவிட்டது. பொய்யாக வரும் முடிவுகளும் அவற்றைத் தொடரும் செலவும் பலனைவிட அதிகம் என்பது அதன் வாதம். மலேசியாவுக்கு நடுவழி பொருந்தும். குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்து பிறந்தவர்கள், கருவிலேயே சிறுநீரகக் குறை தெரிந்தவர்கள், ஒருமுறை திடீர்ச் சேதம் அடைந்தவர்கள், பருமனோ நீரிழிவோ உள்ளவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோரை ஆண்டுதோறும் சோதிக்கலாம். நாட்டின் இனங்களில் இந்தியப் பெரியவர்களிடமே நீரிழிவு மிகுதி என்பதாலும், நீரிழிவு சிறுநீரக நோய்க்கு இட்டுச்செல்லும் என்பதாலும், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளில் கணிசமானோர் இவ்வட்டத்துக்குள் வருவார்கள்.

சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால் முடிவு தெளிவானது. புதிய குறிப்பான்கள் குறிப்பிட்ட சூழல்களில் பயன்தருகின்றன. பழைய சோதனைகளின் இடத்தை அவை பிடிக்கவில்லை. உயரத்தோடு சேர்த்துப் படித்த கிரியேட்டினின், காலைச் சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு ஆகிய நான்கும் குழந்தைகளின் சிறுநீரக நோயில் பெரும்பகுதியை உரிய காலத்தில் காட்டிவிடும். இவை நான்கும் சாதாரணக் கிளினிக்கிலேயே கிடைப்பவை. ஆய்வகங்கள் குழந்தையின் அறிக்கையில் பெரியவர்களின் எல்லையை அச்சிடுவதை நிறுத்தி, வயதுக்குரிய எல்லையையும் உயரத்தால் கணித்த வடிகட்டும் வேகத்தையும் தர வேண்டும். கிளினிக்குகள் ஒவ்வொரு வருகையிலும் உயரத்தை அளந்து எழுத வேண்டும். பெற்றோர் பழைய முடிவுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்துவைத்து ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.